நேற்றைய வெயில்

மாடி வீட்டு மகாதேவன் மொட்டைமாடியில் புதிதாக வைத்திருக்கும் சோலார் ஹீட்டரின் கண்ணாடியை, துணி உலர்த்த வாகான மேடை என்று நினைத்து என் ஈரப் போர்வையை அதன்மேல் விரித்தவன் நான்தான். அவர் அதை மடித்து என் தோளில் போடுகிறார். வடநாட்டு ஜனவரி வெயில் கண்ணாடிக்குள் இறங்கிக் கறுப்புத் தகட்டில் படுத்துக்கொள்கிறது. அவர் குழாயைத் திறக்கிறார். தொட்டியில் தங்கிய நேற்றைய வெயில் ஆவியோடு கொட்டுகிறது. பச்சைத் தண்ணீரில் பாத்திரம் தேய்த்து வெடித்துப்போன விரல்களை அதில் நீட்டி, என் மனைவி வத்சலா கண்ணை மூடிக்கொள்கிறாள். அந்த முகத்தைப் பார்த்தால் ஒரு கடையையே வாங்கத் தோன்றுகிறது. என் போன்ற குமாஸ்தாவுக்கு வரக் கூடாத எண்ணம்.

"நாங்களும் வாங்கலாமா சார்? பனி மூடின நாள்ல சுடுமா?" என்கிறேன்.

"எல்லாம் டெக்னாலஜி," என்கிறார் மகாதேவன்.

"அச்சா. சுடுமா?"

"தெற்கே பார்த்து வைக்கணும்."

வாளியோடு வந்த அவர் மனைவி ருக்மிணி, அதைக் குழாயடியில் வைத்து நிரம்பும்வரை நிற்கிறாள். பிறகு குழாயை மூடுகிறாள்.

"பனி மூடினா சுடாது. அன்னிக்கு அடுப்புலதான் வெந்நீர் போடணும். மத்த நாளெல்லாம் எனக்குக் கை வலிக்கலை. வாங்குங்கோ."