கை மாறும் மூச்சு

எஸ்தர் கண்டக்டர் வேலைக்கு வரும்போது மகன் ஜோயலின் மூச்சையும் கொண்டுவருவாள். ஏழு மாதக் குழந்தை வீட்டுத் தொட்டிலில் கிடக்கும். அவன் நெஞ்சு ஏறி இறங்கும்போதெல்லாம் அவள் உள்ளங்கையில் இருக்கும், அவன் மூச்சைக் காட்டும் மெத்தென்ற வட்ட வில்லையும் ஏறி இறங்கும். பிறந்ததிலிருந்தே அவனுக்கு மூச்சிழுப்பு. தையல் மெஷின் ஓடும் சத்தத்தில் பக்கத்திலேயே இருக்கும் அவள் கணவன் டேவிட்டுக்கு அது கேட்காது.

காலை நெரிசலில் டிக்கெட் கிழிக்க இரண்டு கையும் வேண்டும். அதனால் டிக்கெட்டைப் போலவே வில்லையையும் முன்சீட்டில் கொடுத்துவிடுவாள். கை மாறிக் கை மாறி அது பின்னால் போகும். வாங்கியவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் பஸ்ஸே ஒரே சீராக மூச்சுவிடும்.

இன்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். "கண்டக்டரம்மா, புள்ளைக்கு இழுக்குது!"

எஸ்தர் போன் போட்டாள். "என்னங்க, மெஷின நிறுத்திட்டு நெபுலைசர் வைங்க."

டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். ஆபீசுக்கு நேரமாகிறதென்று ஒருவரும் சொல்லவில்லை. படபடத்துக்கொண்டிருந்த வில்லை மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்த பிறகுதான் பஸ் கிளம்பியது.

கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பின்சீட்டில் தினமும் வரும் பேங்க்காரர் மட்டும் இரண்டு கைகளையும் குவித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சார், உங்க ஸ்டாப் போய் அரைமணி நேரமாச்சே?"

"தெரியும்மா," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "அப்பத்தான் கண்ணசந்தான். கை மாத்தினா முழிச்சுப்பானோன்னு உட்கார்ந்துட்டேன்."