மேல்மூலை நீங்கலாக

கட்டைவிரலில் மை தடவியாயிற்று. ரேகை வைக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் வீராயி கையை இழுத்துக்கொண்டாள்.

ஏற்காட்டில் பத்திரம் எழுதுகிற ரைட்டரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பாக்கியநாதனுக்கு முகம் வெளுத்தது. வெளுக்கட்டுமே! போன மாதம் வரை அவளை வாசலிலேயே நிறுத்திப் பேசியவர், இன்றைக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து ‘வீராயம்மா’ என்கிறார்.

காரியம் அப்படி. வெள்ளக்கடைத் தோட்டம் மொத்தமும் வீராயியின் அப்பன் அம்மாசி, பாக்கியநாதனின் அப்பாவுக்கு ஐம்பது வருஷக் குத்தகைக்கு விட்ட மண். அப்பாவுக்குப் பிறகு குத்தகை மகன் கைக்கு வந்தது. வருகிற தையோடு கெடு முடிகிறது. அதற்குள் கிரயம் செய்து வாங்காவிட்டால் காப்பியும் மிளகும் பங்களாவும் போச்சு.

தரமாட்டேன் என்று வீராயி ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். அவளுக்கு அது போதாது.

அம்மாசி செத்தபோது, தோட்டத்து மேல்மூலையில் அவருடைய அப்பன், பாட்டன் பக்கத்தில் புதைக்கத்தான் பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாக்கியநாதனின் அப்பா கேட்டைப் பூட்டிவிட்டார். குத்தகை முடிகிறவரைக்கும் மண் தன்னுடையது, பிணத்தை உள்ளே விடமுடியாது என்றார். மழையான மழை. வீராயி சேற்றில் விழுந்து கும்பிட்டாள். மனுஷன் குடையை விரித்துக்கொண்டு பங்களாவுக்குள் போய்விட்டார். கடைசியில் ரோட்டோரப் புறம்போக்கில் குழி வெட்டினார்கள். ரோட்டை அகலப்படுத்தியபோது அந்தக் குழியும் போயிற்று.

வயிறு எரியாதா பின்னே?

“ஏனுங்க மொதலாளி, தோட்டம் பூராவும் எடுத்துக்கங்க. மேல்மூலைய மட்டும் வுட்டுட்டு எழுதச் சொல்லுங்க. உங்கப்பாவத் தோண்டி எடுத்துக்கிட்டுப் போயிருங்க.”

ரைட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஆமாம், பெரியவர் இப்போது அங்கேதான் படுத்திருக்கிறார். செத்தாலும் தோட்டத்தை விட்டுப் போகமாட்டேன் என்று அடம்பிடித்து வாங்கிய இடம். தலைமாட்டில் சிலுவை, மேலே பளிங்குக்கல். குத்தகை மண்ணில் புதைக்கிறோமே என்று அன்றைக்கு ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

வீராயி காத்திருந்தாள். கெஞ்சட்டும். காலில் விழட்டும். விழுந்தாலும் இரங்கக்கூடாது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் பஸ் ஏறியிருந்தாள்.

பாக்கியநாதன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மூச்சுவிட்டார்.

“அவ்வளவுதானுங்களா? நான்கூட பயந்தே போயிட்டேன். எழுதுங்க ரைட்டர்.”

வீராயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெரிய மனுஷனை இத்தனை பலமாக அடிக்க அவளால் ஆகியிருக்காது. பெற்ற பிள்ளையே அடித்துவிட்டான்.