ஜலஜா சொன்ன கொலைகாரர்

எழுபதுகளில் அந்தக் கரோல் பாக் வீட்டில் ஞாயிறு மத்தியானம் என்றால் மர்ம நாவல்தான். பட்டாபி உரக்கப் படிப்பார்; கொலைகாரன் யாரென்று மனைவி ஜலஜா பாதியிலேயே சொல்லிவிடுவாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

"ஏன்னா, காட்டேரிக் கதையாவது கொஞ்சம் பயமுறுத்தும். இதெல்லாம் எனக்கு உடனே தெரிஞ்சுடறதே," என்று அலுத்துக்கொள்வாள்.

டில்லியில் பிறந்து இந்தியில் படித்தவள், மகளின் பாடப் புத்தகத்தை வைத்துத் தமிழ் எழுத்துக் கற்றாள். பட்டாபி படித்துக்காட்டிவிட்டுப் பரணில் போட்டிருந்த பழைய நாவல்களை எழுத்துக்கூட்டிப் படித்தபோதுதான் தெரிந்தது, அவள் சொன்ன ஒருவர்கூடக் கொலைகாரர் இல்லையென்று.

அவரிடம் மூச்சு விடவில்லை. அடுத்த ஞாயிறு பாதிக் கதையில், "முதல் அத்தியாயத்துலயே செத்துப்போனாரே ஜமீன்தார், அவர்தான் கொலைகாரர்," என்றாள்.

பட்டாபி ஒரு நிமிஷம் பக்கத்தையே பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: "அன்றிரவு ஜமீன்தார் ரத்தக் காட்டேரியாகச் சமாதியிலிருந்து எழுந்தார்..."