உப்பில் பிரிந்த தோல்

“மேலேயா, கீழேயா? அதை மட்டும் சொல்லிடும்மா.” ஹாஜி நுஸ்ரத் கதவிடுக்கில் வாயை வைத்துக் கேட்டார்.

“இன்னும் பத்து நிமிஷம், ஹாஜி” என்றது உள்ளேயிருந்து பரஸ்துவின் குரல். இஸ்ஃபஹானில் அந்தப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடித் துண்டைப் பார்த்து நோய்க்குப் பெயர் சொல்பவள் அவள்தான்.

“மேலேன்னே போட்டுக்கோயேன். எத்தனை தடவை நடந்திருக்கேன், அதுக்காகவாவது?”

நோயிடமும் பேரம் பேசுகிற ஒரே ஆளைத் தேடிப் பிடித்துத் தனக்குக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று பெஞ்சில் இருந்த மஹின் நினைத்துக்கொண்டாள்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த பஞ்சுத் திண்டின்மேல் உட்கார்ந்து, கைகளை மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். விரல்முதல் முழங்கைவரை கொப்புளம்.

ஹாஜியின் கடைக்கு வருகிற பழைய கம்பளங்களின் ஓட்டைகளை, எங்கே ஓட்டை இருந்தது என்று ஹாஜிக்கே தெரியாதபடி இழையோட்டி மூடுகிற கை. கடைசியாக ஊசி பிடித்து ஐந்து மாதமாகிறது.

டாக்டர் இரண்டு நோய்களைச் சொல்லியிருந்தார். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். அதே கொப்புளம், அதே எரிச்சல்.

ஒன்று மருந்துக்கு அடங்கிவிடும். மற்றது லேசில் அடங்காது. உரசுகிற இடமெல்லாம் தோல் கழன்று, நகமும் போகும். அப்புறம் ஊசியை மறந்துவிட வேண்டியதுதான்.

எது என்று அவளுடைய ரத்தத்தின் சீரம்தான் சொல்ல வேண்டும். நோயில்லாத ஒருவரின் தோலில் சிறு துணுக்கை எடுத்து மூன்று நாள் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால், மேலடுக்கு வேறு, கீழடுக்கு வேறு என்று பிளந்துகொள்ளும். அதன்மேல் மஹினின் சீரத்தைச் சொட்டி, ஒளிரும் சாயத்தை விடுவார்கள். பச்சைக்கோடு மேலடுக்கில் தெரிந்தால் அடங்குகிற நோய். கீழடுக்கில் தெரிந்தால் மற்றது.

ஹாஜிக்கு இந்த முறை கேட்டவுடனே பிடித்துப்போனது. “புரட்டிப் பாக்காம கம்பளத்துக்கு விலை சொல்றவன் திருடன்” என்றார்.

வந்து உட்கார்ந்தார், ஒரு பக்கமாகச் சாய்ந்து. நாலு நாளாக இப்படித்தான் உட்கார்கிறார். மூலநோயாக இருக்கும், சொல்ல வெட்கம் என்று மஹின் தானே முடிவு கட்டி, தினமும் அத்திப்பழம் ஊறவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவரும் வாய் திறக்காமல் தின்றுகொண்டிருந்தார்.

“தஸ்பீஹ் ரொம்ப அழகா இருக்கு” என்றார் எதிர் பெஞ்சுக்காரர், ஹாஜியின் கையிலிருந்த மணிமாலையைப் பார்த்து.

“உங்களுக்கு இல்லாததா? எடுத்துக்குங்க.”

“சேச்சே, உங்க கையில இருந்தாத்தான் அழகு.”

“அட, எடுத்துக்குங்கன்னா.”

அவரும் முறை தெரிந்தவர், மறுபடி மறுத்தார். ஹாஜி மாலையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த ஊரில் இரண்டு தடவை சொன்னால் அது மரியாதை. மூன்றாவது தடவையும் சொன்னால்தான் கொடுக்க மனசிருக்கிறது என்று அர்த்தம். முப்பத்தைந்து வருஷத்தில் ஹாஜி எதற்கும் யாரிடமும் மூன்றாவது தடவை சொல்லி மஹின் கேட்டதில்லை.

கதவு திறந்தது. “நீங்களே வந்து பாருங்கம்மா” என்றாள் பரஸ்து.

மஹின் உள்ளே போய்க் குனிந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். ஹாஜியும் பின்னாலேயே வந்து நின்றார்.

முதலில் இருட்டு. அப்புறம் இருட்டுக்குள் ஒரு பிளவு. பிளவின் மேல்கரை நெடுக, கைதேர்ந்தவள் ஓட்டிய ஒற்றை இழைபோல, ஒரு பச்சைக்கோடு.

“மேலே” என்றாள். மறுபடி சொன்னாள்.

“கீழே ஒண்ணும் இல்லியே? நல்லாப் பாத்தியா?” ஹாஜி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைக்கப் போய், சமாளித்து மூக்கைச் சிந்தினார். “நான்தான் முதல்லயே சொன்னேனே, மேலேன்னு!”

“கொஞ்ச மாசம் மருந்து எடுக்கணும்மா. அப்புறம் ஊசி பிடிக்கலாம்” என்றாள் பரஸ்து.

மஹின் தன் விரல்களைப் பார்த்தாள். “அந்தத் தோலைக் குடுத்தவங்க யாரோ, அவங்க நல்லா இருக்கணும். ஹாஜி, கடையிலேர்ந்து ஒரு நல்ல கம்பளமா அவங்களுக்கு அனுப்பிடுங்க.”

“கம்பளமா! பட்டாணி அளவு தோலுக்கா? அல்லாகிட்ட துஆ செஞ்சா போதும், வா.”

பரஸ்து சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“போன வாரம் எங்ககிட்ட தோல் தீர்ந்துபோச்சும்மா. அடுத்தது வர ரெண்டு மாசம் ஆகும்னு இவர்கிட்ட சொன்னேன். ‘உங்களுக்கு இல்லாததா, என் தோலை எடுத்துக்குங்க’ன்னார். மரியாதைக்குச் சொல்றார்னு வேண்டாம்னேன். திரும்பச் சொன்னார். அப்பவும் வேண்டாம்னுட்டேன்.”

அதோடு நிறுத்திக்கொண்டாள்.

மஹின் திரும்பினாள். ஹாஜி அதற்குள் வெளியே போய், பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மணிகளை மும்முரமாக உருட்டிக்கொண்டிருந்தார்.

அவள் போய்த் தன்னுடைய திண்டை எடுத்து நீட்டினாள்.

“எனக்கெதுக்கு? நீ வெச்சுக்கோ.”

மறுபடி நீட்டினாள்.

“வேண்டாம்னேன்ல?”

மூன்றாவது தடவையும் நீட்டினாள். வாங்கிக்கொண்டார்.