மூன்று கோடுகள்

நொடித்துக்கொண்டிருந்த கார் கம்பெனி, தன் பழைய மாடலை மறுபடியும் இறக்கியது. செத்துப்போன அப்பா ஓட்டிய அதே மாடல். தம்பி டோமினிக் வாங்கிவிட்டான். அண்ணன் சகாயநாதனுக்கு வயிறு எரிந்தது.

மரக்காணத்து உப்புக்காற்றுக்கு, மாதாமாதம் வண்டியின் அடியில் பழைய இன்ஜின் ஆயில் பூச வேண்டும். அது அப்பாவின் வழக்கம். ஹாஸ்டலில் வளர்ந்த தம்பிக்குத் தெரியாது. அண்ணன் சொல்லவுமில்லை.

ஒரு வருடமாகியும் தம்பியின் காரில் துரு ஏறவில்லை.

"ஆயில் யாருடா பூசறது?"

"புது வண்டிக்கு எதுக்குண்ணா ஆயிலு? பொறாமையா?" என்று சிரித்துவிட்டு டோமினிக் உள்ளே போனான்.

சகாயநாதன் குனிந்து பார்த்தான். அடிப்பக்கம் முழுக்க ஈர ஆயில். நான்கு விரல் இழுத்த தடம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கோடுகள். அப்பாவுக்கு வலது சுண்டுவிரல் கிடையாது.

பக்கத்தில் அவனுடைய பைக் துருவேறி நின்றது.

"என் வண்டிய ஒருநாள்கூட தொடலியேப்பா" என்றான், காருக்கு அடியில் பார்த்து.