பானெட் முழுக்க சோப்பு நுரை

எல்லாரும் சௌக்கியந்தானே? மூட்டுவலி, முதுகுவலி எல்லாம் தேவலையா?

நைனார்பாளையம் முனியப்பன் கோயில் வாசலில் புதுக் காரைப் பளபளவென்று துடைத்து, ஸ்டார்ட் செய்து நிறுத்தியிருந்தான் காசிநாதன். எதிரே மாலையோடு ஆட்டுக்கிடா. மஞ்சள் தண்ணீர் தெளித்தும் அது உடம்பைக் குலுக்கவில்லை. குலுக்கினால்தான் சாமி உத்தரவு. அப்புறம்தான் வெட்டு.

ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடக் காருக்குள் ஏறினாள் அவன் மனைவி ரங்கம்மாள். கை அதன் பக்கத்திலிருந்த வைப்பர் குச்சியில் பட்டது. கண்ணாடி கழுவும் தண்ணீர் சீறிப் பாய்ந்தது. பானெட் முழுக்க நுரை. மிச்சம் கிடாவின் மூஞ்சியில்.

"இன்னாடி பண்ணிட்ட! காலையிலேருந்து தொடச்ச வண்டிடி!"

"தெரியாம பட்டுட்ச்சிங்க."

"வண்டிய வுடுப்பா, கிடா குலுக்கிட்ச்சி!" என்று கூட்டம் கத்தியது.

பூசாரி கையை விரித்தார். "சோப்புத் தண்ணி பட்டத சாமி தொடாது. பூசணிக்கா ஒடச்சிட்டு வண்டிய எடு."

காசிநாதன் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி துடைக்கத் தொடங்கினான். ரங்கம்மாள் கிடாவை அவிழ்த்து, முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தாள்.

"பயந்துட்டியா கண்ணு? புட்டிப்பால் குடுத்து வளத்தவ உன்ன வுட்டுடுவனா? குறி தப்பக் கூடாதுன்னு, அவரு எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே கண்ணாடி கழுவுற தண்ணியில சோப்பு கலக்கி ஊத்தி, அமுக்கி அமுக்கிப் பாத்துக்கினேன்" என்றாள் அதன் காதில்.

உங்க வூட்டு வண்டியும் இப்படி நுரை தள்ளியிருந்தா, அந்தக் கதைய எனக்கு எழுதுங்க.