ஒரு பேர் போதும்

வந்து போகிற பெட்டிகளைப் பதிய, கிடங்கில் இருபது பேருக்கு இருபது டேப்லெட் கொடுத்திருந்தார்கள். இருபது பேருடைய பதிவும் ஒரே டேப்லெட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது.

கண்டுபிடித்துச் சொன்னது கணினி. சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தொழில்நுட்பத் தலைவருக்குத் தோன்றியது.

அட்டைப்பெட்டி அடுக்குகளுக்கு நடுவே அவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய உதவி மேலாளர். தோளில் தன் லேப்டாப், கையில் அவருடையது.

காகிதத்தை ஒழித்து எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றும் திட்டத்துக்கு முதலாளி ‘விடியல்’ என்று பெயர் வைத்திருந்தார். அதை நடத்துகிற தொழில்நுட்பத் தலைவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் விடியாமூஞ்சி. அது அவர் காதுக்கும் வந்தது. கோபம் வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

மென்பொருள் விற்றவர்கள் எதைக் கேட்டாலும் அடுத்த பதிப்பில் வரும் என்றார்கள். பணம் என்று வாயெடுத்தால் நிதிப் பிரிவுக்குக் காது கேட்காமல் போய்விடும். மேலாளர்கள் கூட்டத்தில் நன்றாகத் தலையாட்டிவிட்டு, வெளியே போய்ப் பழையபடி பேனாவைத் திறப்பார்கள். முதலாளியோ, காகித ஒழிப்பு எதுவரை வந்திருக்கிறது என்பதைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவரச் சொல்வார்.

இந்தக் கிடங்கு ஒன்றுதான் உருப்படியாக நடந்தது. பிழை கிடையாது, தாமதம் கிடையாது. போகிற இடமெல்லாம் முதலாளி இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டிருந்தார்.

இப்போது குட்டு உடைந்துவிட்டது.

மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒரு பெண், மடியில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தாள். முதுகில் அறுவை சிகிச்சை ஆனவள். பெட்டி தூக்கக் கூடாது. பெட்டி தூக்காதவர்களுக்குக் கிடங்கில் வேலை இல்லை.

அதனால் அவள் பங்கையும் மற்றவர்கள் தூக்கினார்கள். அவர்களுடைய பதிவுகளை எல்லாம், அவரவர் பாஸ்வேர்டைப் போட்டு, அவள் செய்தாள்.

பாஸ்வேர்டை இன்னொருவருக்குக் கொடுத்தால் வேலை போகும். அப்படித்தான் உத்தரவு.

“எங்களுக்கு இந்த டேப்லெட் எழவுல தட்டத் தெரியல சார், அக்காவால தூக்க முடியல. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?” என்றான் பெட்டி தூக்குகிற ஒருவன்.

அவரும் யோசித்துப் பார்த்தார். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அதுதான் கொடுமை.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் போன் வந்தது. கணினி அவருக்கும் சொல்லியிருந்தது. அவருக்குப் போனிலும் மேடையில் பேசுகிற குரல்தான். கிடங்கு முழுக்கக் கேட்டது.

“எல்லார் பேர்லயும் எவனோ ஒருத்தன் விளையாடிட்டு இருக்கான். யாருன்னு ஒரு பேர் சொல்லுப்பா, போதும். இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம். மத்தவனுங்க தானா வழிக்கு வந்துடுவானுங்க.”

தூக்கின பெட்டிகள் தூக்கினபடி நின்றன.

அக்கா டேப்லெட்டைத் தரையில் வைத்தாள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். முதுகு விடவில்லை. யாரோ ஓடிவந்து தாங்கிக்கொண்டார்கள்.

உதவி மேலாளர் அவர் பக்கம் திரும்பினாள். இன்னும் தெரியவில்லை, விசாரிக்கிறோம் என்று சொல்லிவிட்டால் என்ன? கண்ணாலேயே கெஞ்சினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார்.

தன்னுடைய பெயரை.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். உனக்கு இவ்வளவு குசும்பா என்றார். கிடங்கில் யாரும் சிரிக்கவில்லை. அக்காவைக் காப்பாற்ற மனுஷன் இப்படிப் பொய் சொல்கிறாரே என்று நினைத்தார்கள். விடியாமூஞ்சி என்று சொன்ன வாயெல்லாம் மூடிக்கொண்டது.

உதவி மேலாளர் மட்டும் நிமிரவில்லை. அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும்.

“சிரிக்காதீங்க சார்” என்றார் அவர். “என் பேர்ல உங்களுக்கு வர்ற மெயில், ரிப்போர்ட், நேத்து நீங்க கை தட்டுன திட்டம், எதையும் நான் எழுதல. ஸ்கிரீனைத் திறந்தாலே எனக்குக் கை நடுங்குது. ரொம்ப நாளா இப்படித்தான். என் பாஸ்வேர்டு வேற ஒருத்தர்கிட்ட இருக்கு.”

சிரிப்பு நின்றது.

ஒரு நாள் சாயங்காலம், இருட்டான திரைக்கு முன்னால் அவர் சும்மா உட்கார்ந்திருந்ததை உதவி மேலாளர் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் பெயரில் வருகிற எல்லாமே அவள் எழுதுவது. அவர் மாதிரியே கறாராக எழுதப் பழகிவிட்டாள். பாஸ்வேர்டு உத்தரவையும் அவள்தான் எழுதினாள்.

அந்த ஒருத்தர் யாரென்று முதலாளி கேட்டார். இந்த முறை குரல் தணிந்திருந்தது. நான்தான் என்று சொல்ல அவள் ஓரடி முன்னால் வந்தாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“ஒரு பேர் போதும்னீங்க சார். சொல்லிட்டேன். இதோட விட்டுடுங்க.”

போனை அணைத்துவிட்டு, பக்கத்திலிருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தோள் இரண்டும் தொங்கிப்போயின. அக்கா தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளச் சொன்னாள்.

உதவி மேலாளர் கையில் அவருடைய லேப்டாப் இன்னும் இருந்தது. அவருக்காக இத்தனை நாள் எவ்வளவோ எழுதியிருக்கிறாள். இந்தப் பதிலை அவளால் எழுதியிருக்க முடியாது.